அங்கோரா, ஜாவாவா, பாலியா? கையில் ஒரு வாரம்தான் என்றால்

தென்கிழக்கு ஆசியாவுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும், மாலும் கடற்கரையும் மட்டும் போதாது, கோயில், சிற்பம், கூத்து என்று மனசுக்கு நிறைவாக ஏதாவது பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். போவதும் பெரிய காரியமில்லை. சென்னை, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் உண்டு. அங்கே மாறிக்கொண்டால் மற்ற ஊர்கள் எல்லாம் சில மணி நேரம்தான். எந்த ஊர் என்பதில்தான் குழப்பம். கம்போடியாவின் அங்கோர், நடு ஜாவாவின் யோக்யகர்த்தா, பாலி, நடு வியட்நாமின் ஹோய் ஆன்–மீ சோன், மலேசியாவின் பினாங்கு என ஐந்து பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடும். ஐந்திலும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம் ஒன்றாவது இருக்கிறது. அதனால் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறீர்கள், கூடவே பிள்ளைகள், கோடை விடுமுறை என்றால் யோக்யகர்த்தா. டிசம்பர் விடுமுறை என்றால் அங்கோர். பாலியை இவற்றுக்குப் பதிலாக வைக்காமல் ஜாவாவோடு சேர்த்துப் பாருங்கள். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் பினாங்கு. வியட்நாம் இரண்டாவது பயணத்துக்கு.

பள்ளி விடுமுறையும் மழையும்

இணையத்தில் கிடைக்கும் பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து வருபவர்களை மனதில் வைத்து எழுதியவை. நமக்கு ஏப்ரல் கடைசி, மே, அப்புறம் டிசம்பர் கடைசி வாரம், இவ்வளவுதான் கையில். இந்த இரண்டு விடுமுறைக்கும் தோதான ஊர்கள் வேறு வேறு.

ஜாவாவும் பாலியும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளவை. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். நம் ஊரில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் யோக்யகர்த்தாவில் மழை ஓய்ந்து, வயல்கள் பச்சையாக இருக்கும். மே மாதப் பௌர்ணமியை ஒட்டி விசாக விழாவும் வரும். அன்று மெந்துத் கோயிலிலிருந்து போரோபுதூர் என்ற பெரிய பௌத்தக் கட்டடம் வரை பிக்குகள் ஊர்வலமாக நடந்து போவார்கள். உங்கள் தேதி அதோடு பொருந்தினால் விட்டுவிடாதீர்கள். ஆனால் அறையை வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

அங்கோர் இதற்கு நேர்மாறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். ஏப்ரலில் வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கல்லெல்லாம் சூடேறி, காலை பத்து மணிக்கே பிள்ளைகள் ஹோட்டலுக்குத் திரும்பலாம் என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள். மே மாதத்தில் மழை தொடங்கும். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏப்ரலில் அங்கோர் போகத் திட்டமிடுபவர்களை நான் தடுக்கவே பார்ப்பேன். நடு வியட்நாமில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் ஆற்று வெள்ளம் ஏறுவது வழக்கம். பினாங்கில் ஆண்டு முழுவதும் தூறல் உண்டு, பயணத்தைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை.

கல்லில் யார் பெரியவர் என்று கேட்டால்

அங்கோர்தான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய அங்கோர் வாட், மேற்கு நோக்கிய கோயில். சுற்றிலும் ஓடும் அகழியின் அகலம் மட்டுமே ஏறத்தாழ 190 மீட்டர். அதைக் கடந்து உள்ளே நடக்கும்போதே இதைக் கட்டியவர்களின் துணிச்சல் புரிந்துவிடும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் அங்கே செய்வது என்ன? விடியற்காலை ஐந்து மணிக்குப் போய், குளத்தங்கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, கோபுரத்தின் பின்னால் சூரியன் எழுவதைப் படம் எடுத்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே சுற்று மண்டபங்கள் ஆளில்லாமல் கிடக்கும். நீங்கள் நேராக அங்கே போங்கள். மேற்குச் சுவரின் தென்பாதியில் குருக்ஷேத்திரப் போர். இரு படைகளும் இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி வந்து நடுவில் மோதுகின்றன. அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடக்கிறார். வடபாதியில் இலங்கைப் போர். அனுமன் தோளில் நின்று ராமன் அம்பு விடுகிறான், எதிரே இருபது கையோடு ராவணன். கிழக்குச் சுவரில் பாற்கடல் கடைதல், ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். வாசுகியின் உடலை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் வரிசை முடிவில்லாமல் போகிறது. கீழே கடலில் மீன்களும் முதலைகளும் நீந்துகின்றன. மத்து சுழலும் இடத்தை நெருங்க நெருங்க அவை துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. கடலைக் கடைந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று அந்தச் சிற்பி யோசித்திருக்கிறார்! இதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அப்புறம் அவர்களே சுவர் முழுக்கத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

தமிழர்கள் தவறவிடக் கூடாத கோயில் ஒன்று, அங்கோர் பார்க்க வருபவர்கள் தங்கும் சியம் ரீப் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பந்தே ஸ்ரெய். 967-இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில், அரசன் கட்டியதல்ல. யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர் கட்டியது. இளஞ்சிவப்பு மணற்கல்லில், மரத்தில் செதுக்கியது போல அத்தனை நுணுக்கம். ராவணன் கயிலையை அசைக்கும் காட்சி இங்கே இருக்கிறது. கிழக்கு வாயில் முகப்பு ஒன்றில் ஆடும் சிவன் இருக்கிறார். அவர் காலடிப் பக்கம் எலும்பும் தோலுமாக, வற்றிய முலையோடு உட்கார்ந்திருக்கும் பெண் உருவத்தைக் காரைக்கால் அம்மையார் என்றே அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பேயுருவை வேண்டிப் பெற்று ஆலங்காட்டில் ஆட்டத்தைப் பார்த்திருந்தவர், கடல் தாண்டி கம்போடியக் காட்டுக்குள்ளும் அதே வேலையாக இருக்கிறார். வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு அங்கோரை ஏன் எல்லோருக்கும் முதலிடத்தில் வைக்கவில்லை என்றால், அது ஆளைக் களைக்க வைக்கும் இடம். கோயில்கள் 400 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. பயோன், தா ப்ரோம் என்று ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க வேண்டும். அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்குப் போகும் படிகள் செங்குத்தானவை, 12 வயதுக்கு உட்பட்டவர்களை அங்கே விடுவதில்லை. ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டணமும் அதற்கேற்பத்தான்: ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை எடுங்கள். அதைத் தொடர்ந்து மூன்று நாள் பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளானாலும் சரி. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் கம்போடியாவின் ஆட்டக்காரர்கள், இசைக்காரர்கள், ஆசான்களில் பெரும்பாலானவர்கள் மாண்டு போனார்கள். மிஞ்சிய சிலர் நினைவிலிருந்து மீட்டு எடுத்ததுதான் இன்று நாம் காணும் அப்சரஸ் நடனம். அந்த மீட்பு மிகப் பெரிய காரியம், அதை மதிக்க வேண்டும். ஆனால் சியம் ரீப்பில் சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் பஃபே சாப்பாட்டுக்கு நடுவே ஒரு மணி நேர நிகழ்ச்சி. கல் பேசும் அளவுக்கு அங்கே மேடை பேசுவதில்லை. யோக்யகர்த்தா முந்துவது இந்த இடத்தில்தான்.

பகலில் கல்லில், இரவில் மேடையில்

யோக்யகர்த்தாவை அந்த ஊர்க்காரர்கள் ஜோக்ஜா என்பார்கள். 1755-இல் ஏற்பட்ட சுல்தானகம் இன்றும் இருக்கிறது; சுல்தானே மாகாண ஆளுநரும். ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் உலகத்தின் மிகப் பெரிய பௌத்தக் கட்டடமான போரோபுதூரும் இந்தோனேசியாவின் மிகப் பெரிய இந்துக் கோயிலான பிரம்பானானும் இருக்கின்றன. ஊருக்குள் கமெலான் இசை, தோல்பாவைக் கூத்து, பத்திக் துணி மூன்றும் அறுபடாத மரபாக நடக்கின்றன. இப்படி எல்லாம் ஒரே இடத்தில் அமைந்த ஊர் இந்த வட்டாரத்தில் வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

பிரம்பானான் 9-ஆம் நூற்றாண்டுக் கோயில். நடுவில் சிவன், 47 மீட்டர் உயரம். இரு பக்கமும் பிரம்மாவும் விஷ்ணுவும். மாலையில் போய் அரை மணி நேரத்தில் படம் எடுத்துத் திரும்பும் கோயில் இல்லை இது. கிழக்குப் படியில் ஏறி வலம் வர வேண்டும். கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் ராமாயணம் ஓடுகிறது. தேவர்கள் திருமாலிடம் முறையிடுவதில் தொடங்கி, நீங்கள் நடக்க நடக்கக் கதையும் நடக்கும். சிவன் கோயில் சுற்று முடியும்போது குரங்குகள் கல் சுமந்து சேது கட்டிக்கொண்டிருக்கும். மீதிக் கதைக்குப் பிரம்மா கோயிலுக்குப் போக வேண்டும்.

சிவன் கோயிலுக்கு நான்கு அறைகள். கிழக்கே மகாதேவர், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார். தெற்கு அறையில் இருப்பவரைப் பார்க்கத் தமிழர்கள் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். தாடி, தொந்தி, கையில் கமண்டலம்: அகத்தியர். பொதிகை மலைக்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடும் முனிவரை ஜாவாக்காரர்கள் சிவனின் குருவடிவாகவே வைத்து வணங்கியிருக்கிறார்கள். கிழக்கு ஜாவாவில் கிடைத்த 760-ஆம் ஆண்டு தினோயோ கல்வெட்டு, மரத்தால் ஆன பழைய அகத்தியர் சிலைக்குப் பதிலாக அரசன் கருங்கல் சிலை வைத்ததைச் சொல்கிறது. அப்படியென்றால் அந்த வழிபாடு அதற்கும் முந்தியது. அறை இருட்டாக இருக்கும், செல்போன் விளக்கை அடித்தால்தான் முகம் தெரியும்.

இரவில் அதே கோயிலைப் பின்னணியாக வைத்து ராமாயண நாட்டிய நாடகம். 1961 முதல் நடக்கிறது. மே முதல் அக்டோபர் வரை திறந்தவெளியில், மழை மாதங்களில் கூரைக்கு உள்ளே. திறந்தவெளியில் பார்ப்பதற்காகவே மே மாதம் போகலாம். வசனம் கிடையாது, கமெலானும் பாட்டும் ஆட்டமும்தான். அனுமன் இலங்கையை எரிக்கும்போது மேடையில் உண்மையாகவே நெருப்பு வைப்பார்கள். ஆடுபவர்களில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். இதை அவர்கள் வியப்பாகவே நினைப்பதில்லை, தங்கள் ஊர்க் கதையாகவே ஆடுகிறார்கள். பகலில் கல்லில் பார்த்த கதையை இரவில் ஆட்டமாகப் பார்க்கும்போது பத்து வயதுப் பிள்ளைக்குக் கூட எதையும் விளக்க வேண்டியதில்லை.

போரோபுதூர் வேறு மாதிரி. சைலேந்திர அரசர்கள் காலத்துக் கட்டடம், 8–9-ஆம் நூற்றாண்டு. ஆறு சதுரத் தளங்கள், அவற்றின்மேல் மூன்று வட்டத் தளங்கள், உச்சியைச் சுற்றி 72 துளையிட்ட ஸ்தூபிகள், மொத்தம் 504 புத்தர் சிலைகள். சிற்பப் பலகைகள் 2,672. முன்பு போல யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஏற முடியாது. கல் தேய்வதைத் தடுக்க நேரம் குறித்த சீட்டு, கூடவே வழிகாட்டி, கோயிலுக்கென்றே பின்னிய தனிச் செருப்பு என்று விதி வைத்திருக்கிறார்கள். ஏறுபவர் எண்ணிக்கையை நாளுக்கு 1,200 என்ற அளவில் வைத்துத் தொடங்கினார்கள். தளத்தில் மட்டும் நிற்கும் சீட்டும் ஏறும் சீட்டும் தனித்தனி. தவறிப்போய் முதல் சீட்டை வாங்கினால் சிற்பங்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது இதை இரண்டு தடவை சரிபாருங்கள். மேலே சுமார் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதில் எல்லாத் தளங்களையும் பார்க்க ஓடாமல், முதல் சுற்றில் புத்தர் வரலாற்றை நிதானமாகப் பார்ப்பது நல்லது. கப்பல் சிற்பங்களைக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிதவைக் கட்டையோடு உள்ள அந்தக் கப்பலைப் பார்த்து ஒரு மரக்கலம் கட்டி, 2003–04-இல் ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப் போயிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது போரோபுதூருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் இருக்கும் சின்ன மெந்துத் கோயில். உள்ளே மூன்று மீட்டர் உயரப் புத்தர், நாற்காலியில் போலக் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார். வெளியே படிக்கட்டுச் சுவரில் நம் பஞ்சதந்திரக் கதைகள். குச்சியின் இரு நுனியையும் பறவைகள் பிடித்துக்கொள்ள, நடுவில் வாயால் கவ்விக்கொண்டு ஆமை தொங்குகிறது! வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியுமே.

நேரம் இருந்தால் சம்பிசாரி. 1966-இல் ஒரு விவசாயி வயலில் மண்வெட்டி போட்டபோது தட்டுப்பட்ட சிவன் கோயில். மெராபி எரிமலையின் சாம்பல் மூடி, ஆறரை மீட்டர் ஆழத்தில் புதைந்து கிடந்தது. இப்போது தரைமட்டத்திலிருந்து படியிறங்கி ஒரு பெரிய பள்ளத்துக்குள் போய்த்தான் கோயிலைப் பார்க்க வேண்டும். கூட்டமே இருக்காது. கருவறையில் ஆவுடையும் லிங்கமும், வெளிமாடங்களில் துர்க்கை, பிள்ளையார், இங்கேயும் அகத்தியர்.

குறை இல்லாமல் இல்லை. மாலியோபோரோ கடைத்தெருவில் "பத்திக் கண்காட்சி இன்றே கடைசி" என்று அழைத்துப் போய் அச்சுத் துணியைக் கைவேலை விலைக்கு விற்பவர்கள் உண்டு. துணியைப் புரட்டிப் பாருங்கள்: மெழுகு வைத்துச் சாயம் தோய்த்ததில் இரண்டு பக்கமும் நிறம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். டாக்ஸிக்காரரோடு பேரம் பேச வேண்டாம், நேராக ரயில் இருக்கிறது, முக்கால் மணி நேரத்துக்குள் துகு ஸ்டேஷனில் இறக்கிவிடும். அரண்மனையும் போரோபுதூரில் ஏறுவதும் திங்கட்கிழமை கிடையாது என்பதையும் பார்த்துக்கொண்டு நாளைப் பிரியுங்கள்.

பாலியில் எதைப் பார்ப்பது

பாலி என்றதும் நம் ஆட்கள் நினைப்பது தேனிலவு, ஊஞ்சல் படம், நீச்சல் குளத்தில் மிதக்கும் காலை உணவு. அதற்காகப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. பண்பாட்டுக்காகப் போகிறீர்கள் என்றால் தெற்குக் கடற்கரைகளை விட்டுவிட்டு உபுத் அல்லது அதற்கும் வடக்கே உள்ள கிராமங்களில் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து உபுத் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் போக்குவரத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் ஆகலாம்.

இந்த ஐந்து ஊர்களில் சைவமும் பௌத்தமும் கலந்த ஒரு வழிபாடு ஊர் முழுக்க, வீடு வீடாக, தினமும் நடப்பது இங்கே மட்டும்தான். தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டில் பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றி, வாசலிலும் கடை முன்னாலும் ஸ்கூட்டர் மேலும் கூட வைத்திருப்பார்கள். நடைபாதையில் பார்த்து நடங்கள். நம்மவர்கள் ஏமாற்றம் அடைவது ஒரு விஷயத்தில்: கோயிலுக்குள் சிலையும் அர்ச்சனையும் தேடுவார்கள். பாலியில் பல கோயில்களில் நடுநாயகமாக இருப்பது பத்மாசனம் என்ற ஆளில்லாத உயர்ந்த இருக்கை. திருவிழா நாளில் இறைவன் அங்கே வந்து அமர்வதாக நம்பிக்கை. உள்முற்றத்துக்கு வழிபட வருபவர்களைத் தவிர மற்றவர்களை விடாத கோயில்களும் நிறைய. நாமும் இந்துதானே என்று வாசலில் வாதாடுவது அவர்களுக்குச் சங்கடம். இடுப்பில் சாரோங் கட்டிக்கொண்டு, அவர்கள் சொல்லும் இடம் வரை போய் வந்தால் போதும்.

தம்பாக்சிரிங் பக்கம் தீர்த்த எம்புல் என்ற ஊற்றுக்கோயில் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் தோன்றியது, வரிசையாக விழும் குழாய்களில் தலை கொடுத்து நீராடுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் குனுங் காவி, 11-ஆம் நூற்றாண்டில் மலைப்பாறையைக் குடைந்து செய்த ஏழு மீட்டர் உயரக் கோயில் முகப்புகள். முந்நூறு படி இறங்க வேண்டும், ஏறவும் வேண்டும்.

ஆனால் பாலியின் உண்மையான மரபுச் செல்வம் வயலில் இருக்கிறது. சுபக் என்ற நீர்ப் பங்கீட்டு முறைக்குத்தான் 2012-இல் யுனெஸ்கோ சிறப்பு கிடைத்தது. மலையேரியிலிருந்து இறங்கும் நீரை எந்த ஊர் எப்போது எடுப்பது, எப்போது நடவு, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். 1970-களில் பசுமைப் புரட்சித் திட்டத்தில் ஒவ்வொருவரும் முடிந்தவரை அடிக்கடி நட வேண்டும் என்று அரசு சொன்னபோது இந்த ஒழுங்கு குலைந்து, நீர்ப் பற்றாக்குறையும் பூச்சித் தாக்குதலும் பெருகின. கோயில் வகுத்த முறையில் வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் தரிசு விட்டதுதான் பூச்சியைப் பட்டினி போட்டு அழித்தது என்று ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் பின்னால் விளக்கினார். குடிமராமத்தும் மடை முறையும் அறிந்த நம் டெல்டாக்காரர்கள் ஜத்திலுவி வயல்களில் ஒரு காலை நேரம் நடந்தால் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மார்ச் மாதம் வரும் ஞெப்பி நாளில் தீவு முழுவதும் 24 மணி நேரம் அடங்கிவிடும். விமான நிலையமே மூடப்படும். டிக்கெட் போடும் முன் தேதி பாருங்கள். 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிக்கு 1,50,000 ரூப்பியா தீவு வரி உண்டு, நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குள்தான். இது விசாக் கட்டணத்துக்கு மேல் தனி.

மற்ற இரண்டும்

பினாங்கைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் முடிவெடுக்கக் கஷ்டமில்லை. ஜார்ஜ் டவுனில் தமிழ் பேசியே சமாளித்துவிடலாம், வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், நடக்கும் தூரத்தில் எல்லாம் இருக்கிறது. ஒரே தெருவை ஒட்டி 1833-ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் ஒருவர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் கருணைத் தேவி கோயில், 1818-இல் கட்டிய தேவாலயம். முட்டி வலி உள்ள அப்பா அம்மாவுக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை போன கடாரம் இந்தப் பக்கம்தான். இருப்பவை பெரும்பாலும் கோயில் அடித்தளங்களும் ஒரு அருங்காட்சியகமும். தஞ்சைப் பெரிய கோயிலை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா கேட்பதில்லை. சலுகை நீடிக்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் பாருங்கள்.

மீ சோன், நடு வியட்நாமை ஆண்ட சாம்பா அரசர்களின் சிவன் கோயில் தொகுதி, செங்கல்லில். 4-ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் நிறுவிய லிங்கத்தில் தொடங்கி 13-ஆம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிக உயர்ந்த கோயில் தரைமட்டமானது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை பார்த்தபோது, 2020-இல் ஒரே கல்லால் ஆன 9-ஆம் நூற்றாண்டு லிங்கம் மண்ணுக்குள்ளிருந்து முழுசாகக் கிடைத்தது. எனக்கு மனசுக்கு நெருக்கமான இடம். ஆனாலும் முதல் பயணத்துக்குச் சொல்ல மாட்டேன். இடிபாடுகளைப் பார்த்து முழுக் கோயிலை மனதில் கட்டிக்கொள்ள, அங்கோரையோ பிரம்பானானையோ முன்னால் பார்த்திருக்க வேண்டும். போகிறவர்கள் முதலில் தா நாங் ஊரின் சாம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், மீ சோன் சிற்பங்களில் சிறந்தவை அங்கேதான் இருக்கின்றன.

சாப்பாடு, விசா, வழி

சைவக்காரர்களுக்குச் சிரமம் அதிகம் கம்போடியாவில்; மீன் ஊறல் விழுது எல்லாவற்றிலும் இருக்கும். ஜாவாவில் தெம்பே, டோஃபு, கடலைச் சாறு ஊற்றிய கதோ-கதோ என்று வழி உண்டு, ஆனால் சம்பலில் இறால் விழுது சேர்ப்பார்கள், கேட்டு வாங்க வேண்டும். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த குதெக் ஜோக்ஜாவின் பெருமை. நம் நாக்குக்கு இனிப்பு அதிகம், கோழிக்கறியும் முட்டையும் சேர்ந்துதான் வரும், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வியட்நாமில் பௌத்தர்களுக்கான சைவ உணவகங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்த விஷயத்தில் அதுதான் வசதி.

இந்தோனேசியாவில் போய் இறங்கியதும் விசா வாங்கலாம், 5,00,000 ரூப்பியா. கம்போடியாவுக்கும் வியட்நாமுக்கும் இணையத்தில் எடுப்பது நல்லது. பாங்காக்கில் இறங்கிப் பேருந்தில் சியம் ரீப் போகலாம் என்ற பழைய யோசனையைப் பின்பற்ற வேண்டாம். 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் மோதல் வெடித்துத் தரைவழி எல்லை மூடப்பட்டது. கோலாலம்பூர் வழியாக விமானத்தில் போவதே கவலையில்லாதது. சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023-இல் திறந்தது, ஊரிலிருந்து வெகு தூரம். ஹோட்டலிலேயே வண்டி கேட்டுவிடுங்கள்.

மே மாதத்தில் ஒரு வாரம் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். ஜோக்ஜாவில் நான்கு இரவு: ஒரு நாள் மெந்துத்தும் போரோபுதூரும், ஒரு நாள் சம்பிசாரியும் பிரம்பானானும் இரவு நாடகமும், ஒரு நாள் அரண்மனை, பத்திக், ஊர். பிறகு ஒன்றரை மணி நேர விமானத்தில் பாலி போய் உபுத்தில் இரண்டு இரவு. பிள்ளைகள் மிகச் சிறியவர்கள் என்றால் பாலியை விட்டுவிட்டு, நாடகத்துக்கு மறுநாளை ஓய்வுக்கு வையுங்கள். நாடகம் முடிந்து அறைக்குத் திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும்.